நடுவில் இருந்த டிரம்

மைனி எப்போதும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப் போனது, அது சரியாகச் சொல்லாது என்பார். அச்சுக்குள் கண்ணாடி நார் விரித்து, ரெசின் தேய்த்து, அது இறுகத் தொடங்கியதும் வள்ளத்தின் அடிப்பக்கத்தில் நான்கைந்து இடங்களில் வலது புறங்கையை வைத்து வைத்து எடுப்பார். அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேச மாட்டோம். அன்றைக்கு முதல் இடத்தில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டார். இரண்டாவது இடத்தில் வைக்கவே இல்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். அப்போது மணி பதினொன்று பத்து. அப்படி எழுதி வைத்திருக்கிறேன்.

மைனி என்பது என் அண்ணனின் மனைவி. மண்டைக்காட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் அண்ணனுக்கு ஃபைபர் வள்ளம் செய்யும் கொட்டகை இருக்கிறது. அண்ணன் ஆர்டர் பிடிப்பார், சாமான் வாங்குவார். உள்ளே வேலை நடப்பது மைனியின் கையில். ரெசின் கலக்குவது அவர் ஒருவர்தான். நான் வேதியியல் படித்தவள். ஒரு பள்ளியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை போனபின் அண்ணன் கூப்பிட்டதால் கொட்டகைக்கு வந்தேன். எந்த டிரம்மிலிருந்து எத்தனை கிலோ எடுத்தார்கள், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், கோபால்ட் மருந்துகள் எவ்வளவு, அன்றைக்கு வெயிலா மழையா, எத்தனை நிமிடத்தில் இறுகியது, எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. வேலையாட்கள் என்னை நோட்டு அக்கா என்று கூப்பிடுவார்கள். "நோட்டக்கா, நான் இப்பம் தும்முனேன், எழுதியாச்சா?" என்று யாராவது தினமும் ஒரு தடவை கேட்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் எழுதாமல் விட்டது ஏதாவது இருக்குமோ என்ற பயம் சிரிக்கும்போதும் உள்ளே இருக்கும். வீட்டில் கேஸை மூடினோமா என்று பஸ் ஏறியபின் யோசிப்பவர்களுக்கு இது புரியும்.

நான் வந்த புதிதில் ஒரு நாள் சாயா குடிக்கும் நேரத்தில் மைனி கேட்டார். "ஏட்டி, நீ படிச்சவல்லா. தண்ணி மாதிரி ஊத்துத ரெசின் அர மணிக்கூறுல எப்பிடி கல்லா மாறுது? காஞ்சு போறதா?" காய்வது இல்லை என்றேன். காய்வதென்றால் ஈரம் வெளியே போக வேண்டும். இங்கே உள்ளே இருப்பதெல்லாம் உள்ளேயே கைகோத்துக்கொள்கிறது. அவருக்குத் தெரிந்த கூட்டத்தை வைத்தே சொன்னேன். மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டு அம்மன் முன்னால் சனம் நெருக்கி நிற்கிறது. ஒவ்வொருவரும் தன் இரண்டு கையையும் தானே சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டு தனித்தனியாக நிற்பதால் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ரெசினில் இருக்கும் சின்ன மூலக்கூறுகள் அப்படித்தான். இப்போது ஒரு கை மட்டும் சும்மா இருக்கிற ஒருவன் உள்ளே நுழைகிறான். பக்கத்தில் நிற்பவளின் கூப்பிய கையில் ஒன்றைப் பிடிக்கிறான். அவளுடைய மற்றக் கை விடுபட்டுவிட்டது. அந்தக் கை சும்மா இருக்காது. அடுத்தவரைப் பிடிக்கும். அவருடைய இன்னொரு கை அதற்கடுத்தவரை. இப்படி ஆயிரம் பேர் ஒரே சங்கிலி. கூட்டத்தில் ஏற்கெனவே கயிற்றைப் பிடித்து நிற்கும் நீண்ட வரிசைகளும் உண்டு. அவற்றின் இடையிலும் இந்தக் கைகள் போய்ப் பிடித்துக்கொள்ளும். குறுக்கும் நெடுக்குமாக எல்லோரும் பிடித்தபின் யாரும் நகர முடியாது. தண்ணீர் கல்லாவது அவ்வளவுதான். ஒவ்வொரு கை பிரிந்து அடுத்ததைப் பிடிக்கும்போதும் கொஞ்சம் சூடு வெளியே வரும்.

மைனி சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். "அப்பம் பிக்பாக்கெட்டு ஒருத்தன் உள்ள பூந்து எல்லாரு கும்பிடையும் கெடுக்கான்னு சொல்லு."

"அந்தப் பிக்பாக்கெட்டுதான் நீங்க ஊத்துத கேட்டலிஸ்ட்டு."

"கோபால்ட்டு?"

கேட்டலிஸ்ட்டும் முதலில் ஒருவரையொருவர் இறுக்கிப் பிடித்த இரண்டு பேர்தான், அவர்களைப் பிரித்து ஆளுக்கொரு கையைச் சும்மா விடுவது கோபால்ட், அது இல்லையென்றால் நம் ஊர்ச் சூட்டில் அவர்கள் லேசில் பிரிய மாட்டார்கள் என்றேன். மைனி அடுத்துக் கேட்ட கேள்வியை இத்தனை வருடத்தில் நான் மறக்கவில்லை. "கோபால்ட்டு கூடிப்போனா?"

"ஒரே நேரத்துல பத்து எடத்துல சங்கிலி தொடங்கும். ஒண்ணுக்கொண்ணு முட்டிக் குட்டையா நின்னுரும். கூட்டம் அதுக்குள்ள நெரிச்சு எறுகிப் போவும். நடுவுல நிக்கவனுக்குக் கை எட்டாது. வெளிய பாத்தா கல்லு மாதிரிதான் இருக்கும்."

"உள்ள?"

"உள்ள பலம் இருக்காது மைனி."

எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேராக ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கும். அதனால் இரண்டையும் ஒரே மேசையில் வைக்க மாட்டோம். கோபால்ட்டை முன்னதாகவே முழு டிரம்மிலும் ஊற்றிக் கலக்கி, டிரம்மின் வயிற்றில் சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிடுவோம். வட்டம் உள்ள டிரம்மிலிருந்து மக்கில் எடுத்து, வேலை செய்யும் இடத்தில் மட்டும் கேட்டலிஸ்ட்டைச் சேர்ப்போம். வட்டம் இல்லாத டிரம் என்றால் கோபால்ட் இன்னும் சேரவில்லை, இனிமேல்தான் கலக்க வேண்டும் என்று அர்த்தம். எளிய ஏற்பாடு. வேலையாட்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் கொட்டகையில் மூன்று டிரம்கள் இருந்தன. நடுவில் இருந்ததில் மட்டும் வட்டம். பூசைக்குச் சுத்தம் செய்தோம். அச்சுகள், உருளைகள், தராசு, கதவு எல்லாம் கழுவினார்கள். டிரம்களைத் துடைத்தால் போதும் என்றுதான் மைனி சொன்னார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. பக்கமெல்லாம் ரெசின் வழிந்து, தூசி ஒட்டி, ஒட்டியிருந்த சீட்டுகூடப் படிக்க முடியாமல் கிடந்தது. அம்மன் படத்துக்கு முன்னால் அதை அப்படியே வைத்துப் பொட்டு வைப்பதா என்று தோன்றியது. சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கச் சொன்னேன். வட்டம் அழிந்துவிடும் என்பதால், தேய்ப்பதற்கு முன்னால் மறக்காமல் ரிஜிஸ்டரில் எழுதினேன்: "நடு டிரம்மில் கோபால்ட் கலந்துள்ளது." இரண்டு தடவை சரிபார்த்தேன். பிறகு தரை கழுவுவதற்காக மூன்று டிரம்களையும் வெளியே உருட்டிக்கொண்டு போனார்கள். மாலையில் பளபளவென்று உள்ளே கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். நான் ரிஜிஸ்டரைப் பார்த்து, நடுவில் இருந்த டிரம்மில் புதிதாக வட்டம் போட்டேன். பூசை நன்றாக நடந்தது. அவல், பொரி, சுண்டல். அண்ணன் எல்லோருக்கும் வேட்டி கொடுத்தார்.

நான் இடத்தை எழுதினேன். டிரம்மை எழுதவில்லை. வெளியே போன வரிசையில்தான் உள்ளே வரும் என்று ஏன் நினைத்தேன் என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். பொருள்கள் வைத்த இடத்தில் இருக்கும் என்று நினைப்பது என் சுபாவம்.

பூசை கழிந்து வேலை தொடங்கிய நாளில், வழக்கப்படி கதவுக்குப் பக்கத்தில் இருந்த டிரம்மை முதலில் எடுத்தார்கள். அதில் வட்டம் இல்லை. மைனி கோபால்ட்டை அளந்து ஊற்றிக் கலக்கினார். கலக்கும்போதே "நெறம் இத்திரி கொஞ்சம் கூடிக் கெடக்கே" என்றார். நான் சரக்கு மாறியிருக்கும் என்றேன். வள்ளத்தின் அடிப்பக்கத்துக்கு இரண்டு அடுக்கு அந்த ரெசினில் போட்டார்கள். மக்கில் மீதி இருந்தது பிரஷ்ஷோடு சேர்ந்து இறுகிவிட்டது. வேலையாட்கள் ஓடி ஓடித் தேய்த்தார்கள். அதன்பிறகுதான் மைனி புறங்கையை வைத்து எடுத்தார்.

"ஏட்டி, சூடு கூடுதல். இதுல முன்னமே கோபால்ட்டு சேத்ததோ?"

நான் ரிஜிஸ்டரைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "நடு டிரம்முல மட்டுந்தான் மைனி. இதா பாருங்க. நானே எழுதுனது."

மைனி அந்த வரியைப் படித்தார். மறுபடி வள்ளத்தைப் பார்த்தார். அவர் என் கையெழுத்தை நம்பினார் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவர் படித்தவளிடம் தோற்றார் என்று யாராவது நினைத்தால் அது சரியில்லை. எத்தனையோ தடவை என் கணக்கு தப்பென்று பிடித்துக் கொடுத்தவர் அவர். அன்றைக்கு அவர் தன் கையைச் சந்தேகப்பட்டார். "வெயிலுக்கச் சூடாட்டும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடுக்குக்கு நார் வெட்டச் சொன்னார். மேல் அடுக்குகளுக்கு, வட்டம் இல்லாத மூன்றாவது டிரம்மில் கோபால்ட் கலந்து எடுத்தார்கள். அவை சாதாரணமாகவே இறுகின.

வள்ளத்தை வாங்கியவர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். வள்ளக்காரர் என்றே சொல்கிறேன். சனிக்கிழமை கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சாமியார் வள்ளத்தின் மேல் தண்ணீர் தெளித்து மந்திரித்தார். எங்களுக்கும் கேக் வந்தது. திங்கட்கிழமை விடியும் முன் அவரும் அவருடைய மச்சினனும் கடலுக்குப் போனார்கள்.

அதே திங்கட்கிழமை காலையில் நாங்கள் அடுத்த வள்ளத்துக்காக நடு டிரம்மைத் திறந்தோம். வட்டம் போட்டிருந்ததால் கோபால்ட் சேர்க்கவில்லை. கேட்டலிஸ்ட் மட்டும் ஊற்றித் தேய்த்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. ரெசின் தேன் மாதிரி அப்படியே கிடந்தது. ஒருவன் விரலால் தொட்டு, "நோட்டக்கா, இது நாளைக்கும் எறுகாது, வத்தலு போடலாம்" என்றான். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சிரித்துக்கொண்டே டிரம்மில் இருந்த வட்டத்தைப் பார்த்தேன். வட்டம் போட்ட டிரம்மில் கோபால்ட் இல்லை. அப்படியென்றால் கோபால்ட் கலந்த டிரம் வேறு. அப்படியென்றால் கதவுப் பக்கத்து டிரம்மில் இரண்டு தடவை கலந்திருக்கிறோம். அந்த ரெசின் இப்போது கடலில் இருக்கிறது. அதன்மேல் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

மைனியிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "போன் போடு" என்றார். வள்ளக்காரரின் போன் எடுக்கவில்லை. கரையிலிருந்து தூரம் போய்விட்டால் எடுக்காது. அண்ணனும் நாங்களும் கடற்கரைக்குப் போனோம். மீனவர் சங்கத்தில் வயர்லெஸ் இருந்தது. கடலில் இருந்த இரண்டு மூன்று வள்ளங்களோடு பேசினார்கள். யாரும் பார்க்கவில்லை. தெற்கே போனதாக ஒருவர் சொன்னார். ஐப்பசி மாதம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அலை பெரிதில்லை என்று சங்கத்துக்காரர் சொன்னார். எனக்கு ஒவ்வொரு அலையும் வள்ளத்தின் அடியில் அறைவதாகவே தெரிந்தது. முழுதாகக் கைகோக்காத அடுக்குகள் ஒவ்வொரு அறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். முதலில் உள்ளே பிரியும். வெளியே தெரியும்போது நேரம் இருக்காது. பாடமாக எத்தனையோ தடவை படித்த விஷயம். வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வழக்கமாக இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவார் என்றார்கள். இரண்டு ஆயிற்று. இரண்டரை ஆயிற்று.

அண்ணன் எங்களைத் தள்ளிக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "வந்தாம்னா வள்ளத்தை ஒரு தடவ செக்கப் பண்ணணும்னு சொல்லி எடுத்துக்கிடுவம். வெளிய ஒண்ணும் பேசாண்டாம். பேரு கெட்டா கொட்டகைய பூட்டணும்."

"வந்தாம்னா சொல்லணும்," என்றார் மைனி. "வரல்லேன்னா அவன் பெண்டாட்டிட்ட சொல்லணும். ரெண்டுல ஒண்ணு சொல்லித்தான் ஆவணும்."

வள்ளக்காரரின் மனைவி எங்களுக்குப் பத்தடி தள்ளி மணலில் உட்கார்ந்து பீடி சுற்றும் இலையை வெட்டிக்கொண்டிருந்தாள். எதற்காக வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

மூன்றே கால் மணிக்கு வள்ளம் தெரிந்தது. மெதுவாக வந்தது. மச்சினன் குனிந்து குனிந்து வாளியால் தண்ணீர் கோரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். கரை தட்டியதும் வள்ளக்காரர் இறங்கவில்லை. மைனியைப் பார்த்ததும் அங்கே நின்றபடியே சத்தம் போட்டார். "யக்கா! எனக்கு வள்ளந்தான் தந்தியளா, மாவு அரிக்குத அரிப்பா தந்திய? அலையடிக்கும்ப காலுக்கு அடியில தரை மூச்சு விடுது!"

மைனி முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். முன்பக்க அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. காசு ஒன்றை எடுத்து அங்கங்கே தட்டினார். நல்ல இடத்தில் கணீரென்றும் கோட்டுக்குப் பக்கத்தில் பொத்தென்றும் கேட்டது. நிமிர்ந்து, "மருந்து கூடிப் போச்சு. தப்பு எங்க பக்கம். வேற வள்ளம் செஞ்சு தாறோம், இத நீ இனி தொடாத" என்றார்.

"மருந்து கலக்குனது யாரு?"

நான் அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் சேலையும் நனைந்திருந்தது. கை நடுங்கியதால் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை மனதில் ஒழுங்காக அமைத்துக்கொண்டிருந்தேன். டிரம்மைக் கழுவியது, வரிசை மாறியது, வட்டம் இடம் மாறியது என்று முறையாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"நாந்தான் கலக்குனேன்," என்றார் மைனி. அது பொய்யும் இல்லை.

"கலக்குனிய, மண்ணு! ரெண்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும். இனி ஒங்க கை தொட்ட வள்ளம் இந்தக் கரையில எறங்காது, பாத்துக்கிடுங்க." அவருடைய மனைவி அப்போதுதான் எழுந்து ஓடி வந்தாள்.

சொன்னதுபோலவே நடந்தது. அண்ணன் வேறு வள்ளம் செய்து கொடுத்தார். ஆனால் ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள், "கலக்குதது அந்தம்மா இல்லல்லா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அண்ணன் தூத்துக்குடியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார். மைனி கண்ணாடி நார் வெட்டும் மேசைக்குப் போனார். அந்த வேலை கொட்டகையில் யாருக்கும் பிடிக்காது. நார்த்தூசி கழுத்திலும் முழங்கையிலும் ஏறி ராத்திரி தூங்கவிடாது. மைனி தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருவார். நான் என் மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். எங்கள் மேசைகளுக்கு நடுவே எட்டடி இருக்கும். டிரம்களுக்கு இப்போது எண் கொடுத்திருக்கிறேன், சாக்குக்கட்டி இல்லை, அழியாத பெயின்ட். புதிதாக வந்தவர் என் ஏற்பாட்டைப் பாராட்டினார். அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "மேகமூட்டம். வள்ளம் 3.15க்குத் திரும்பியது. அடிப்பக்கத்தில் கோடு. இருவரும் நலம்." காரணம் என்ற கட்டத்தை நிரப்பவில்லை. என் ரிஜிஸ்டர்களில் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான். பல தடவை சொல்ல நினைத்தேன். நாள் ஆக ஆக, ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஏழு வருடம் போனது. போன மாதம் வள்ளக்காரர் தன் மகனுக்கு வள்ளம் சொல்ல வந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. அண்ணனிடம் நீளம் அகலம் பேசிவிட்டு, என் மேசைக்கு வந்து விலாசம் கொடுத்தார். பிறகு நார் வெட்டும் மேசைப் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "கலக்குதது அவிய இல்லல்லா?" என்று கேட்டார்.

இத்தனை வருடம் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "தப்பு எனக்குள்ளது" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். "டிரம்முல அடையாளம் மாத்திப் போட்டது நான். மைனி சூடு கூடுதல்னு அன்னைக்கே கண்டுபிடிச்சாவ. நாந்தான் நோட்டைக் காட்டி ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன்."

கொட்டகையில் எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும். உருளை தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் வாசலிலேயே நின்றார். வள்ளக்காரர் என்னைத் திட்டவில்லை. நேரே மைனியின் மேசைக்குப் போனார்.

"யக்கா, இவிய சொல்லுதது நேரா, பொய்யா?"

"நேருதான்."

"பொறவு எதுக்கு அன்னைக்கு ஒங்க தலையில எடுத்துப் போட்டிய? நான் ஊரு பூரா பேசுனேனே!"

மைனி கத்தரிக்கோலை நாரின் மேல் வைத்தார். "கரையில நிக்கும்ப இவளுக்குக் கை கெடந்து நடுங்குது. அந்நேரம் இவளால பேச முடியாது. சாயங்காலத்துக்குள்ள சொல்லிருவான்னு நெனச்சேன்."

வள்ளக்காரர் "எனக்க மவனுக்க வள்ளத்துக்கு நீங்கதான் கலக்கணும்" என்றார். மைனி "பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

ஏழு வருடத்துக்கு முன்னால், வள்ளம் திரும்பிய அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நானும் மைனியும் ஒரே பஸ்ஸில்தான் வீடு திரும்பினோம். இருவர் உட்காரும் இருக்கை. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளியே பார்க்காமல் என் பக்கமே திரும்பியிருந்தார். கூட்டம் இல்லை, பேசினால் கேட்டிருக்கும். முக்கால் மணி நேரம் அப்படி இருந்தோம். இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். மழை வருமா மைனி என்று கேட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வரும் என்றார்.